குரங்குகள் காக்கும் இடுகாடு

மூக்குக் கண்ணாடியைக் கழற்றிப் பைக்குள் வையுங்கள். பையின் ஜிப்பை மூடுங்கள். குரங்கை நேருக்கு நேர் முறைக்காதீர்கள். சண்டைக்குக் கூப்பிடுவதாக அது எடுத்துக்கொள்ளும். இந்தோனேசியாவின் பாலித் தீவில், உபுத் நகரக் குரங்குக் காட்டுக்குள் நுழையுமுன் கேட்டுக்கொள்ள வேண்டிய அறிவுரைகள் இவை.

பெருங்காடு இல்லை. சுமார் 12 ஹெக்டேர்தான். ஆனால் கடைத்தெருவின் மோட்டார் சைக்கிள் இரைச்சலைத் தாண்டி நான்கு எட்டு வைத்தாலே வெயில் மறைந்துவிடுகிறது. ஓடையை நோக்கிப் படிகள் இறங்குகின்றன. ஆல விழுதுகளுக்கு நடுவே புகுந்து செல்கிறது ஒரு கல் பாலம். அதன் கைப்பிடிச் சுவர்கள் இரண்டு நாகங்கள். அந்தப் பக்கம், புனித ஊற்றை ஒட்டி பெஜி கோயில்.

ஆயிரத்துக்கும் மேற்பட்ட நீண்டவால் குரங்குகள் பல கூட்டங்களாகக் காட்டைப் பங்கு போட்டுக்கொண்டிருக்கின்றன. எல்லை மீறினால் ரகளைதான். (நம் நிகோபார் தீவுகளில் இருப்பதும் இதே இனம்.) அனுமாரோடு முடிச்சுப் போட நமக்குக் கை துறுதுறுக்கும். ஆனால் இங்கே புனிதம் முதலில் இடத்துக்கு, அப்புறம்தான் குரங்குக்கு. பாலி இந்துக்களுக்கு இவை கோயிலின் காவலர்கள்.

எதைக் காக்கின்றன? தலெம் அகுங் கோயில் வாசலில் நாக்கைத் தொங்கவிட்டு, குழந்தையைப் பற்றியபடி நிற்கும் ராங்தா சிலைகளைப் பார்த்தால் புரியும். இது மரணத்தோடு தொடர்புடைய கோயில். வழிபட வருபவர்களைத் தவிர மற்றவர்களுக்கு உள்ளே அனுமதி இல்லை. இன்னொரு மூலையில், பிரஜாபதி கோயிலை ஒட்டி இடுகாடு. தகனச் சடங்குக்குப் பாலியில் செலவு அதிகம். எனவே இறந்தவர்களை முதலில் புதைத்துவிட்டு, ஐந்தாண்டுக்கு ஒரு முறை ஊர் கூடி மொத்தமாகத் தகனம் செய்கிறார்கள். செல்ஃபி மும்முரத்தில் பலர் இந்தக் கல்லறைகளைக் கவனிக்காமலே கடந்துபோகிறார்கள். கட்டணம் கட்டினால் குரங்கோடு செல்ஃபி எடுத்துத் தரவும் ஊழியர் உண்டு!

காடு பாடாங்தெகல் கிராமத்துக்குச் சொந்தம். நுழைவுக் கட்டணம்தான் காட்டையும் கோயில்களையும் பராமரிக்கிறது. குரங்குகளுக்கு தினமும் சர்க்கரைவள்ளிக் கிழங்கும் அதில்தான். வேறு வார்த்தையில், காவலர்களுக்குச் சம்பளம் சுற்றுலாப் பயணி கொடுப்பது.

அந்தச் சம்பளம் நின்றால்? உபுத்துக்கு மேற்கே சங்கே கிராமத்திலும் இதேபோல ஒரு புனிதக் காடு, சுமார் 600 குரங்குகள். கொரோனாவுக்கு முன்பு மாதம் 6,000 பேர் வந்துகொண்டிருந்த அங்கே கூட்டம் 500 ஆகச் சரிந்தது. 2021 ஜூலையில் காட்டையே மூடினார்கள். மரவள்ளிக் கிழங்கு வாங்கவே பணம் தட்டுப்பாடு. பசித்த குரங்குகள் ஊருக்குள் வந்து கூரைகளில் உட்கார்ந்தன. வீட்டு வாசலில் சாமிக்குப் படைத்ததை எடுத்துத் தின்றன. சும்மா விட்டால் முரடாகிவிடும் என்ற கவலை ஊராருக்கு. அடிக்கவும் முடியாது, காவலர்களாயிற்றே. தங்கள் பிழைப்பே முடங்கிக் கிடந்த நேரத்தில், பழங்களையும் நிலக்கடலையையும் காட்டுக்கே கொண்டுபோய்க் கொடுத்தார்கள்.