பூநாரைகளை எழுப்பிய நாங்கள்

மன்னார்ப் பாலத்தை நாங்கள் எத்தனையோ தரம் கடந்திருக்கிறோம். சொந்தக்காரர் வீட்டுக் கலியாணத்துக்கு, தலைமன்னார் பார்க்க, பெருக்கமரத்துக்குப் பக்கத்தில் நின்று படமெடுக்க. பஸ் யன்னலால் பார்த்தால் வீதியின் இரண்டு பக்கமும் ஆழமில்லாத உவர்நீர், சேறு, கொஞ்சம் பற்றை. 'சும்மா கிடக்கிற வெளி' என்றுதான் நினைத்திருந்தோம்.

அந்த வெளிக்கு ஒரு பெயர் இருக்கிறது: வங்காலைப் பறவைகள் சரணாலயம். 4,839 ஹெக்டேயர். 2008இல் சரணாலயமாக அறிவிக்கப்பட்டு, 2010இல் ராம்சார் பட்டியலில் சேர்ந்தது. புந்தல, குமண எல்லாம் இருக்கிற அதே பட்டியல்தான். உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களுக்கானது. இதையெல்லாம் நாங்கள் போன வருசம்தான் தெரிந்துகொண்டோம். 2025 ஓகஸ்டில் மன்னார்ச் சனம் காற்றாலைகளுக்கு எதிராக வீதியில் இருந்தபோது, நாங்களும் முகநூலில் பறவைகளுக்காக எழுதினோம். எழுதிய பிறகுதான் உறைத்தது, அந்தப் பறவைகளை எங்களில் ஒருத்தர்கூட ஒழுங்காகப் பார்த்ததில்லை.

அதனால் தை மாதத்தில் ஒரு சனிக்கிழமை, விடியமுன்னமே ஒரு வானில் யாழ்ப்பாணத்தில் இருந்து பூநகரி வீதியால் வெளிக்கிட்டோம். நாங்கள் இறங்கிய இடத்தில் கேற்றும் இல்லை, ரிக்கெற்றும் இல்லை. மதவாச்சி–தலைமன்னார் வீதி சரணாலயத்துக்குள்ளாலேயே போகிறது. தூரத்தில் வெள்ளையாக ஒரு கோடு தெரிந்தது. உப்பு என்று நினைத்தோம். கோடு அசைந்தது. பூநாரைகள்!

அவை தலையைக் கவிழ்த்து, சொண்டைத் தலைகீழாகத் தண்ணீருக்குள் வைத்து, சேற்றை அரித்துச் சாப்பிடுகின்றன. சாப்பிடுகிற பாசியிலும் சின்ன இறால்களிலும் இருந்துதான் அந்த ரோசா நிறமே வருகிறது. இளசுகள் சாம்பல் நிறம்.

போனில் எடுத்தால் புள்ளி மாதிரித்தான் வந்தது. செருப்பைக் கழற்றிவிட்டுச் சேற்றுக்குள் இறங்கினோம். இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று போய்க்கொண்டே இருந்தோம். முதலில் எல்லாத் தலைகளும் நிமிர்ந்தன. பிறகு தண்ணீரில் நாலைந்து எட்டு ஓடி, கூட்டம் முழுக்க எழும்பியது. இறகு விரிந்தபோது உள்ளே ஒளிந்திருந்த சிவப்பும் கறுப்பும் வானம் முழுக்கத் தெரிந்தது. நாங்கள் கத்தினோம், கை தட்டினோம். படம் அருமையாக வந்தது.

திரும்பி வர, கரையில் வீச்சுவலையோடு ஒரு ஐயா நின்றார்.

"பிள்ளையள், ஏன் அதுகளை எழுப்பினனீங்கள்?"

"நாங்கள் ஒண்டும் செய்யேல்லை ஐயா. சும்மா கிட்டப் போனாங்கள், அவ்வளவுதான்."

"அதைத்தான் சொல்லுறன். அதுகள் சாப்பிட வந்ததுகள். வாற ஆக்களெல்லாம் இப்பிடி எழுப்பினா எப்ப சாப்பிடுறது?"

அவர் ஏசவில்லை. சொல்லிவிட்டு வலையை உதறிக்கொண்டு போய்விட்டார். எங்களுக்குத்தான் முகத்தை எங்கே வைப்பதென்று தெரியவில்லை.

வலசைப் பறவைகளுக்கு இந்த ஈரநிலம் சாப்பாட்டுக் கடை. திரும்பிப் போகிற வழிக்குத் தேவையான கொழுப்பை இங்கேதான் சேர்க்கவேண்டும். கொழும்புப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் மன்னாரில் கருவி பூட்டிவிட்ட கடற்காகங்கள் ரஷ்யாவின் ஆர்க்டிக் பக்கம்வரை போயிருக்கின்றன. ஒவ்வொரு தரமும் பயந்து எழும்பும்போது சாப்பாட்டு நேரமும் போகிறது, சேர்த்த பலமும் செலவாகிறது.

காற்றாலை பற்றி நாங்கள் கேட்ட கேள்விகள் பிழை என்று இப்போதும் நினைக்கவில்லை. ஆனால் அவற்றைக் கேட்டபோது, தொந்தரவு தருகிறவர்களின் பட்டியலில் எங்களைச் சேர்க்கவில்லை.

பிறகு வீதிக்கரையில் சத்தமில்லாமல் இருந்தோம். அப்போதுதான் மற்றவை தெரிந்தன: ஊசிவால் வாத்துகள், கருவால் மூக்கன்கள், சொண்டைப் பக்கவாட்டில் ஆட்டி ஆட்டித் தேடுகிற கரண்டிவாயன். ஒரு மணித்தியாலம் போல இருந்திருப்போம். பூநாரைகள் திரும்பி வந்தன. ஆனால் முந்தி நின்ற இடத்துக்கு இல்லை, இன்னும் தள்ளி.

நீங்களும் போங்கள். காலமை போங்கள். யாரிடமாவது ஒரு பைனாகுலர் இரவல் வாங்குங்கள், வீதியை விட்டு இறங்காதீர்கள், ட்ரோன் கொண்டு போகாதீர்கள். பறவைகள் தலை நிமிர்த்தினால் நீங்கள் நிற்கவேண்டிய இடத்தைத் தாண்டிவிட்டீர்கள்.

அந்த அருமையான படம் இன்னும் எங்கள் போனில் இருக்கிறது. இந்தப் பதிவில் அதைப் போடவில்லை.