இலையைத் திருப்பிப் பாருங்க

காவிரிக் கரையில் எடுத்த படத்தை அனுப்பி, "இது என்ன மரம்ண்ணே?" என்று கேட்டார் தம்பி ஒருவர். பூவும் இல்லை, காயும் இல்லை. பட்டை வெளிர்சாம்பல் நிறத்தில் வழவழவென்று இருந்தது. அங்கங்கே தகடு தகடாக உரிந்து உள்ளே இளஞ்சிவப்பு. மருந்துக்கு யாரோ செதுக்கிய தழும்பு வேறு. இலையைத் திருப்பிப் பார்க்கச் சொன்னேன். காம்பு சேருமிடத்தில் மிளகைவிடச் சின்னதாய் இரண்டு சுரப்பிகள். குச்சியில் இலைகள் ஏறக்குறைய எதிரெதிராக. நீர்மருதுதான்.

கருமருதுக்கும் சுரப்பி உண்டு, காயில் அதே ஐந்து இறக்கை. ஆனால் அதன் பட்டை கருத்து, முதலை முதுகு மாதிரி கட்டம் கட்டமாக வெடித்திருக்கும். இலைப்படத்தை மட்டும் பார்த்துப் பெயர் சொல்லும் செயலிகளை நான் அவ்வளவாக நம்புவதில்லை. கேட்பவர்கள் அடிமரத்தையும் ஒரு படம் எடுத்து அனுப்புங்கள்.