தண்ணிக்குள்ளே போட்ட முதல்

மளிகைக் கடை வைத்தால் சரக்கை எண்ணிப் பார்க்கலாம். ஆடு வளர்த்தால் சாயங்காலம் பட்டியில் தலையை எண்ணலாம். மீன் வளர்ப்பில் மட்டும் போட்ட முதல் எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்று போட்டவனுக்கே தெரியாது. எல்லாம் தண்ணிக்குள்ளே!

உப்பிலியபுரம் பக்கத்தில் எனக்குத் தங்கை முறையாகும் ஒருத்தி இருக்கிறாள். அவள் மகன் திருப்பூர் பனியன் கம்பெனியில் எட்டு வருஷம் வேலை பார்த்துவிட்டு 2021-ல் ஊர் திரும்பினான். ஒரு பக்கம் பச்சைமலை, இன்னொரு பக்கம் கொல்லிமலை, நடுவில் அவர்களுக்கு ஒன்றரை ஏக்கர். சின்ன வெங்காயம் போட்டுப் போட்டு, விலை விழுந்து விழுந்து, வெறுத்துப்போனவன், "அரை ஏக்கர்ல குளம் வெட்டப்போறேன் மாமா" என்றான்.

"கடலே இல்லாத ஊர்ல மீனாடா?" என்றாள் அவன் அம்மா. அவளுடைய கவலை கடலைப் பற்றியது அல்ல. அடகுக்குப் போகவிருந்தது அவளுடைய நாலு பவுன் செயின்.

கடல் இல்லாதது ஒரு குறையே இல்லை. இந்தியாவின் மொத்த மீன் உற்பத்தியில் ஏறக்குறைய முக்கால் பங்கு ஏரி, குளம், ஆறு, பண்ணைக்குட்டையில் இருந்துதான் வருகிறது. கட்லா, ரோகு, மிர்கால் என்கிற கெண்டை வகைகள் ஆற்று வெள்ளத்தில்தான் முட்டையிடும், தேங்கிய குளத்தில் இடாது. அதனால் ஒரு காலத்தில் ஆற்றில் அரித்துத்தான் குஞ்சு எடுக்க வேண்டும். ஹிராலால் சௌத்ரி என்கிற விஞ்ஞானி 1957 ஜூலை 10 அன்று ஒடிசாவில், பிட்யூட்டரி சுரப்பியின் சாற்றை ஊசியாகப் போட்டு அவற்றை முட்டையிட வைத்தார். ஜூலை 10-ஐ தேசிய மீன் வளர்ப்போர் தினமாகக் கொண்டாடுவது அதனால்தான்.

மூன்று வகைக்கும் குணம் வேறு. கட்லா மேல்மட்டத்தில் மேயும், ரோகு நடுவில், மிர்கால் அடியில். மூன்று குடித்தனம் இருந்தாலும் சண்டை இல்லாத வீடு.

பையன் கணக்குப் போட்டுக் காட்டினான். ஹெக்டேருக்கு 10,000 குஞ்சு, அப்படியென்றால் அரை ஏக்கருக்கு 2,000. ஐந்தில் ஒன்று போனாலும் 1,600. தலைக்கு முக்கால் கிலோ என்றால் 1,200 கிலோ. தவிடும் கடலைப் புண்ணாக்கும் கலந்து, கிலோ மீனுக்கு இரண்டு கிலோவாவது தீவனம். 2020-ல் வந்த பிரதம மந்திரி மத்ஸ்ய சம்பதா திட்டத்தில் பெண்கள் பேரில் செய்தால் 60 சதவீதம் மானியம். ஆனால், கைக்காசைப் போட்டு வேலையை முடித்துக் காட்ட வேண்டும். செயின் போனது.

மாசியில் குஞ்சு விட்டான். புரட்டாசியில் மூன்று நாள் விடாமல் மூடாக்கு. நாலாம் நாள் விடிகாலையில் பார்த்தால், மீனெல்லாம் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடுகிறது. வெயில் இல்லாவிட்டால் தண்ணீரில் இருக்கும் பாசி பிராண வாயுவைத் தயாரிக்காது, ராத்திரியில் இருப்பதையும் சேர்த்துக் குடித்துவிடும். விடியலில்தான் பஞ்சம். மோட்டாரைப் போட்டு, குழாயை உயரத்தில் கட்டி, தண்ணீரை அருவி மாதிரி விழவிட்டான். நாற்பது, ஐம்பது செத்து மிதந்தன. மற்றவை பிழைத்தன.

அவனுக்கு நடுக்கம் போகவில்லை. சேதி தெரிந்து வியாபாரி ஒருவர் வந்தார். "மொத்தமா இழுத்துக் குடுத்துருங்க தம்பி" என்று பாதி விலை சொன்னார். புரட்டாசி மாசம் வேறு. துறையூர் பெருமாள்மலையில் சனிக்கிழமைக் கூட்டம் அலைமோதும்போது மீனை யார் வாங்குவார்கள்? பையன் தலையாட்டப் போனான்.

தடுத்தது அவன் அம்மா. "வெங்காயம் பட்டறையில கிடந்தா அழுகும்டா. அதனால வந்த விலைக்குத் தள்ளுனோம். இது தண்ணியில கிடந்தா வளருது. எதுக்கு அவசரம்?"

மீன் வளர்ப்புப் பயிற்சியில் இதைவிடத் தெளிவாகச் சொல்லிவிட முடியாது. உயிரோடு இருக்கும்வரை மீனுக்கு விலை வைப்பது நாம். கரையேறிய மறு நிமிஷம் விலை வைப்பது ஐஸும் வியாபாரியும். பொறுமையும் இலவசம் இல்லைதான். தினமும் தீவனம், மோட்டார், ராத்திரிக் காவல் என்று செலவு உண்டு. ஆகவே, இந்தத் தொழிலில் இறங்க நினைப்பவர்கள் எத்தனை குஞ்சு என்று கேட்பதற்கு முன்னால், விற்பனையைத் தள்ளிப்போட இரண்டு மாசக் காசு கையில் இருக்கிறதா என்று பாருங்கள். அது இல்லாதவன் வியாபாரிக்காக மீன் வளர்க்கிறான்.

தீபாவளி கழிந்து, ஞாயிற்றுக்கிழமைதோறும் நாற்பது, ஐம்பது கிலோ மட்டும் இழுத்தான். நகரத்து மார்க்கெட்டில் ஆந்திரா மீன் ஐஸில் படுத்திருக்கும். இவன் குளக்கரையில் பையில் போட்ட மீன் துள்ளியது. துறையூரிலிருந்துகூட வண்டி கட்டிக்கொண்டு வந்தார்கள். பெரிசைப் பிடிக்கப் பிடிக்க, இடம் கிடைத்துச் சின்னது வளர்ந்தது.

தை மாசம் செயின் மீண்டது. மாசியில் அடுத்த குஞ்சு விடும்போது மறுபடி பணம் தட்டியது. பையன் வாயைத் திறக்கவில்லை. அவளே கழற்றிக் கொடுத்தாள்.