பாலிஷ் வேற, வாக்ஸ் வேற: உங்க காருக்கு எது வேணும்?

1/ வழக்கமா சர்க்கரை, பிரஷர், காய்ச்சல்னு எழுதுற இடத்துல இன்னைக்கு கார் பெயிண்ட் பற்றி ஒரு த்ரெட். டாக்டருக்கு இதுல என்ன வேலைன்னு கேட்பீங்க. கார் பெயிண்டும் தோல் மாதிரிதான். தேவையில்லாத சிகிச்சைக்கு யார் காசு போனாலும் எனக்குக் கை சும்மா இருக்காது.

2/ முதல்ல அனாட்டமி. இன்னைக்கு ஓடுற பெரும்பாலான கார்களில் தகட்டுக்கு மேல பிரைமர், அதுக்கு மேல நிறம், எல்லாத்துக்கும் மேல நிறமே இல்லாத கிளியர் கோட். பளபளப்பு தர்றதும், வெயிலை முதல்ல வாங்கிக்கிறதும் இந்தக் கிளியர் கோட்தான்.

3/ அதோட தடிமன் பெரும்பாலும் 40 முதல் 50 மைக்ரான். 1000 மைக்ரான் சேர்ந்தாதான் 1 மில்லிமீட்டர். சாதாரண ஏ4 தாளே சுமார் 100 மைக்ரான் இருக்கும். அதுல பாதிதான் உங்க காரோட மேல்தோல்.

4/ நம்ம மேல்தோல் தேய்ஞ்சா அடியிலிருந்து புதுசா வளரும். காருக்கு அந்த வசதி கிடையாது. ஃபேக்டரியில் போட்டு அனுப்பினதுதான் மொத்த இருப்பு. இந்த ஒரு விஷயம் மனசுல நின்னா போதும், மீதி எல்லாம் தானா புரியும்.

5/ பாலிஷ் என்ன செய்யுது? அதுல மிக நுண்ணிய உராய்வுத் துகள்கள் இருக்கு. கிளியர் கோட்டின் மேல்பகுதியைக் கொஞ்சம் தேய்ச்சு எடுத்து, கீறல்களைச் சமப்படுத்துது. அதனாலதான் பளபளப்பு வருது. ரப்பிங் கம்பவுண்ட் இன்னும் முரடு, இன்னும் அதிகமா எடுக்கும்.

6/ வாக்ஸ் எதையும் எடுக்காது. மேல மெல்லிய படலமா உட்காரும். அழுக்கு, எச்சம், கடல் காத்து உப்பு எல்லாம் முதல்ல அதைத்தான் தொடும். கொஞ்ச நாள்ல அது கரைஞ்சு போகும், திரும்பப் போடணும். ஆனா டப்பாவில் 'கிளீனர் வாக்ஸ்'னு போட்டிருந்தா உள்ளே உராய்வுத் துகள் இருக்கலாம். லேபிளைப் படிச்சுட்டு வாங்குங்க.

7/ எங்க ஓபிக்கு மாசாமாசம் சர்க்கரை மாத்திரை வாங்க வர்ற டாக்ஸி டிரைவர் அண்ணன் ஒருத்தர். 11 வருஷத்துக் கார். "டாக்டர், வண்டி வெளுத்துப் போச்சு. சவாரிக்கு வர்றவங்க மூஞ்சியைச் சுளிக்கிறாங்க. கடையில மெஷின் பாலிஷ், மேல கோட்டிங், எல்லாம் சேர்த்து 18,000 கேக்குறாங்க. வட்டிக்கு வாங்கிப் போட்டுறவா?"ன்னு கேட்டார்.

8/ ஓபி முடிஞ்சதும் வெளியே போய் வண்டியைப் பார்த்தேன். பானட்டில் வெறும் மங்கல். கூரையில் கிளியர் கோட் செதில் செதிலா உரிஞ்சு நிக்குது. உரிஞ்ச இடத்தை எந்த பாலிஷும், எந்த வாக்ஸும், எந்த கோட்டிங்கும் சரி பண்ணாது. மறுபடி பெயிண்ட் அடிக்கிறது ஒண்ணுதான் வழி.

9/ "அண்ணே, கூரைக்கு மட்டும் ஒரு நல்ல பெயிண்டர்கிட்ட விலை கேளுங்க. பானட்டுக்கு ஒரே ஒரு தடவை லேசா பாலிஷ். அப்புறம் ஒரு டப்பா வாக்ஸ் வாங்கி நீங்களே போட்டுக்கலாம். இதுக்குப் போய் வட்டிக்கு வாங்காதீங்க"ன்னு சொன்னேன். எஃப்.சி., இன்சூரன்ஸ்னு வரிசையா செலவு நிக்கிற மனுஷனுக்கு அந்த 18,000 சின்னத் தொகை இல்லைங்க.

10/ அதனால மருந்துக்கு முன்னாடி பரிசோதனை. வண்டியைக் கழுவிக் காய விட்டு மூணு விஷயம் பாருங்க.
• மெல்லிய பாலிதீன் கவருக்குள்ள கையை விட்டுத் தடவுங்க. சொரசொரன்னு இருந்தா ஒட்டின அழுக்கு. அதுக்கு க்ளே பார்.
• கீறல் மேல நகத்தை ஓட்டுங்க. நகம் மாட்டினா அது ஆழம். பாலிஷில் போகாது.
• நகம் மாட்டலை, வெயிலில் சிலந்தி வலை மாதிரி கோடு தெரியுதா? அதுக்கு மட்டும் லேசான பாலிஷ்.
மூணும் இல்லைன்னா நேரா வாக்ஸ்.

11/ எந்த வாக்ஸ்?
கார்னாபா: பிரேசில் நாட்டுப் பனை வகை ஒன்றின் இலையிலிருந்து வர்ற மெழுகு. நீங்க முழுங்குற சில மாத்திரைகளோட மினுமினுப்புக்கும் இதே மெழுகுதான். அழகு அதிகம், ஆயுசு கம்மி. நம்ம வெயிலுக்கு சில வாரத்திலிருந்து 2 மாசம்.
சிந்தெடிக் சீலன்ட்: சில மாசம் தாங்கும். வெளியே நிக்கிற வண்டிக்கு என் ஓட்டு இதுக்குத்தான்.

12/ செராமிக் கோட்டிங் வருஷக்கணக்கில் நிக்கும். தப்பான பொருள் இல்லை. ஆனா கல் தெறிச்சா காப்பாத்தாது, கழுவுற வேலையையும் ஒழிக்காது. அடியில் இருக்கிற கீறலோட சேர்த்தே மூடிடும். புது வண்டி, கையில் காசு, ரொம்ப வருஷம் வெச்சுக்கிற எண்ணம் இருந்தா யோசிங்க.

13/ போடுற முறை: நிழலில், தகடு ஆறின பிறகு. ஒரு பேனல் முடிச்சுட்டு அடுத்தது. மெல்லிசா தடவினா போதும், டோஸ் கூடினா பலன் கூடாது. சுத்தமான மைக்ரோஃபைபர் துணியால் துடைச்சு எடுங்க. மேட் ஃபினிஷ் வண்டிக்கு சாதாரண பாலிஷ், வாக்ஸ் ரெண்டுமே வேண்டாம். புதுசா பெயிண்ட் அடிச்ச பேனலுக்கு எப்போ போடலாம்னு பெயிண்டரைக் கேட்டுட்டுப் போடுங்க.

14/ பறவை எச்சத்தில் யூரிக் அமிலம் இருக்கு. கவுட் நோயில் மூட்டில் படியுற அதே சமாச்சாரம். வெயிலில் காய விட்டா பெயிண்டில் தழும்பு விழும். காஞ்சதைச் சுரண்டாதீங்க. ஈரத்துணியை 5 நிமிஷம் போட்டு ஊற வெச்சு ஒத்தி எடுங்க.

15/ இதையெல்லாம் விட முக்கியமானது ஒண்ணு. தினமும் காலையில் காஞ்ச துணியால தூசியைத் துடைக்கிறோமே, அந்த மெல்லிய கோடுகள் பெரும்பாலும் அங்கதான் பிறக்குது. தூசி மண் துகள். துணியோட சேர்ந்தா உப்புத்தாள். கோடு விழுந்ததும் பாலிஷ், மறுபடி துடைப்பு, மறுபடி பாலிஷ். 50 மைக்ரான் எத்தனை நாளைக்குத் தாங்கும்? முதல்ல தண்ணி ஊத்துங்க, அப்புறம் துடைங்க.

16/ ஆகவே மக்களே,
நிழலில் நிறுத்துறது முதல் மருந்து. அதுக்குக் காசே இல்லை.
வாக்ஸ் தடுப்பூசி மாதிரி, காலம் பார்த்துத் திரும்பப் போடணும்.
பாலிஷ் ஆபரேஷன் மாதிரி, தேவைப்பட்டா மட்டும்.
"மாசம் ஒரு பாலிஷ் சார், வண்டி புதுசாவே இருக்கும்"னு கடையில் சொன்னா, "எத்தனை மைக்ரான் மிச்சம் இருக்கு?"ன்னு ஒரு கேள்வி கேளுங்க. அளக்குற மீட்டர் இருக்கு. அளந்து காட்டிட்டு வேலை செய்றவர்கிட்ட வண்டியை விடுங்க.

சந்தேகம் இருந்தா கேளுங்க. டூட்டி முடிஞ்சு பதில் சொல்றேன்.