மணலுக்கு எந்த கியர் சார்?

எங்கள் ஆபீஸில் அவர் வந்து சேர்ந்த முதல் நாள். மரியாதைக்கு, "சொந்த ஊர் எது தம்பி?" என்று கேட்டு வைத்தேன்.

"பைல்நாடு சார்."

எனக்கும் அவருக்கும் நடுவில் மேஜை மேல் மலை போல் குவிந்திருந்த பைல்களைப் பார்த்தேன். "அது நம்ம எல்லாருக்கும்தான். நான் பிறந்த ஊரைக் கேட்டேன்" என்றேன்.

மனிதர் கோபித்துக்கொள்ளவில்லை. கொல்லிமலை மேலே மொத்தம் 14 நாடுகள். வாழவந்தி நாடு, வளப்பூர் நாடு, அரியூர் நாடு, சேலூர் நாடு, தேவானூர் நாடு என்று வரிசையாகப் போகும். அதில் ஒன்றுதான் பைல்நாடு என்று பொறுமையாக விளக்கினார். "நாடுன்னா நாடு இல்ல சார். பஞ்சாயத்து."

"பதினாலு நாடா! ஐ.நா. சபையிலே சீட்டு குடுத்தாங்களா?" என்று பக்கத்து சீட்காரர் கேட்டார். அன்றிலிருந்து நம்மாளுக்குப் பெயர் அம்பாசிடர்.

அம்பாசிடரின் அண்ணன் மலையில் ஜீப் ஓட்டுகிறவர். காரவள்ளியிலிருந்து 70 கொண்டை ஊசி வளைவு ஏறி மேலே போகிறீர்களே, அது டூரிஸ்ட்டுக்கான ரோடு. அண்ணனுக்கு வேலை ஆரம்பிப்பது தார் முடிகிற இடத்தில். ஜீப்புக்குள்ளே வாழைத்தார், பலாப்பழம், மிளகு மூட்டை, மரவள்ளிக்கிழங்கு மூட்டை. அவற்றுக்கு நடுவில் கிடைத்த சந்தில் மனிதர்கள். மிச்சம் இருப்பவர்கள் பின்னால் தொங்கவேண்டியது. சோளக்காடு சந்தை நாளன்று அந்த ஜீப்பில் எத்தனை பேர் வருவார்கள் என்று ஒரு முறை கேட்டேன். "எண்ணினா அண்ணனுக்குப் பயமாயிடும் சார், அதனால எண்ணறதில்ல" என்றார்.

அப்படிப்பட்டவர் 2013 பொங்கல் லீவில் எங்களோடு ராமேஸ்வரம் வந்தார். அவர் கடலைப் பார்ப்பது அதுதான் முதல் தடவை. பாம்பன் பாலத்தில் பஸ் ஏறியதும் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றவர், பாலம் முடிகிற வரை உட்காரவில்லை. "நம்ம நாமக்கல் ஆஞ்சநேயர் பதினெட்டு அடி உயரம் இருக்காரே, போதுங்களா சார் இதைத் தாண்ட?" என்று மட்டும் கேட்டார்.

சாமி தரிசனம், 22 தீர்த்தம் எல்லாம் முடித்து ஈரத்தலையோடு தனுஷ்கோடி கிளம்பினோம். அந்த நாளில் தார் ரோடு முகுந்தராயர் சத்திரத்தோடு முடிந்துவிடும். அதற்கு அப்பால் பழைய தனுஷ்கோடிக்கு 5 கிலோமீட்டர் வெறும் மணலும் தண்ணீரும்தான். காரில் வந்தவர்கள் காரை அங்கேயே விட்டுவிட்டு, வரிசையாக நிற்கிற ஜீப்பிலோ வேனிலோ ஏறவேண்டும்.

அந்த வேன்களைப் பார்த்திருக்கிறீர்களா? பார்த்திருந்தால் ஏறியிருக்க மாட்டீர்கள். உப்புக்காற்று தின்றது போக மிச்சமிருந்த தகரம். ஜன்னலுக்குக் கண்ணாடி கிடையாது. கதவுக்குக் கயிறு. ஸ்டீரிங்குக்குப் பக்கத்தில் மாதா, முருகன், மசூதி மூன்றும் ஒரே ஸ்டிக்கரில். டிரைவர் ஒரு பொடியன். இருபது வயது இருந்தால் அதிகம்.

"ஏறுங்கண்ணே, உள்ள தள்ளி உக்காருங்க. இன்னும் நாலு பேரு வரட்டும், கெளம்பிரலாம்."

நாலு பேர் வந்தார்கள். அப்புறம் இன்னும் நாலு பேர். எங்களோடு வந்த சீனியர் அக்கவுன்டன்ட், மடியில் யாரோ ஒருவருடைய குழந்தையோடு, "இது ஓவர்லோடு" என்று முனகினார். அம்பாசிடர் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, "இன்னும் எடம் இருக்கே சார்" என்றார்.

வண்டி மணலில் இறங்கியதும் முதுகெலும்பின் ஒவ்வொரு கணுவும் தனித்தனியாகத் தன்னை அறிமுகம் செய்துகொண்டது. இந்தப் பக்கம் ஒரு குதி, அந்தப் பக்கம் ஒரு சாய்வு. திடீரென்று வண்டி தண்ணீருக்குள்! முழங்கால் ஆழத் தண்ணீரை இரண்டு பக்கமும் இறக்கை மாதிரி அடித்துக்கொண்டு போகிறது. பெண்கள் கத்துகிறார்கள். குழந்தைகள் 'இன்னும்... இன்னும்' என்கின்றன. அக்கவுன்டன்ட் கண்ணை மூடிக்கொண்டு சஷ்டி கவசத்தில் பாதி தூரம் போய்விட்டார்.

அம்பாசிடர் மட்டும் டிரைவரின் காலையே பார்த்துக்கொண்டிருந்தார். கொஞ்ச நேரத்தில் முன்னால் நகர்ந்து, "தம்பி, பிரேக்கே மிதிக்க மாட்டேங்கறீங்களே?" என்றார்.

"மணல்ல பிரேக் அடிச்சா முன் சக்கரம் மூக்கை நட்டுரும்ணே. ஆக்சிலேட்டரை விட்டா வண்டி தானா நிக்கும். அதான் பிரேக்கு."

"எங்க மலைல எறக்கத்துல பிரேக்கை நம்ப மாட்டோம், எஞ்சினைத்தான் நம்புவோம். எந்த கியர்ல ஏறினயோ அதே கியர்லதான் எறங்கணும்னு எங்கண்ணன் சொல்லும். மணலுக்கு எந்த கியர்?"

"கெளம்பறதுக்கு மட்டுந்தாண்ணே ஃபர்ஸ்ட்டு. அப்பறம் ஓட்டம் வுடாம போய்க்கிட்டே இருக்கணும். நின்னா போச்சு."

இரண்டு பேரும் வேறு யாருக்கும் புரியாத பாஷையில் பேச ஆரம்பித்துவிட்டார்கள். டயரில் காற்று பாதிதான் இருக்கிறதே என்று அம்பாசிடர் கேட்டார். அதுதான் ரகசியமாம். காற்றைக் குறைத்தால் டயர் சப்பையாகி அகலமாகப் பதியும், பாரம் பரவலாக விழும், மணலுக்குள் இறங்காது. ஒட்டகத்தின் பாதம் எதற்கு அகலம்? அதே கணக்குதான். அலை வந்து போன ஈரமணல் கெட்டி. காய்ந்த மணல் ஆளை முழுங்கும். ஊறிய மணலோ இரண்டும் கெட்டான், பார்க்கக் கெட்டி மாதிரி இருந்து காலை வாரும். இதெல்லாம் எந்த டிரைவிங் ஸ்கூலிலும் சொல்லித் தருவதில்லை. பொடியன் அப்பாவிடமிருந்து கற்றானாம். அப்பா மீன் லோடு ஏற்றியவர்.

நடுநடுவே எங்களுக்கு கைடு வேலையும் பார்த்தான். "இந்தப் பக்கம் ஆண் கடல், அந்தப் பக்கம் பெண் கடல்ணே." தெற்கே மன்னார் வளைகுடா, வடக்கே பாக் நீரிணை. அமைதியாக இருக்கவேண்டிய பெண் கடல்தான் அன்றைக்கு நுரை கக்கிக்கொண்டிருந்தது. என்னப்பா என்று கேட்டால், "வாடைக் காத்துல அம்மா கோவப்படும். கச்சான் அடிக்கறப்போ அய்யா கோவப்படுவாரு. ரெண்டு பேருக்கும் ஒரே நேரத்துல கோவம் வந்தாத்தான் ஆபத்து" என்றான்.

ஒரு தடவை அப்படி வந்தது. 1964 டிசம்பர் 22, நள்ளிரவு.

அதற்கு முன்னால் தனுஷ்கோடி சாதாரண ஊரில்லை. எழும்பூரில் போட் மெயிலில் ஏறினால் தனுஷ்கோடி, அங்கிருந்து கப்பலில் தலைமன்னார், மறுபடி ரயில் ஏறிக் கொழும்பு. 1914-ல் பாம்பன் ரயில் பாலம் திறந்ததிலிருந்து ஐம்பது வருஷம் இப்படி ஓடியிருக்கிறது. கஸ்டம்ஸ் ஆபீஸ், தபால் ஆபீஸ், பள்ளிக்கூடம், சர்ச் எல்லாம் இருந்த ஊர். அன்றிரவு பாம்பனிலிருந்து கிளம்பிய 653-ம் நம்பர் பாசஞ்சர், ஸ்டேஷனைத் தொடுவதற்கு முன்பே அலையோடு போயிற்று. உள்ளே நூறு பேருக்கு மேல். ஊரோடு சேர்த்துச் செத்தவர்கள் சுமார் 1800 பேர் என்கிறார்கள். மனிதர் வாழத் தகுதியில்லாத இடம் என்று சர்க்கார் அறிவித்துவிட்டது. உடைந்த பாம்பன் பாலத்தை மட்டும் 46 நாளில் சரி செய்து ஸ்ரீதரன் என்ற இளம் இன்ஜினீயர் பெயர் வாங்கினார். பிற்காலத்தில் கொங்கண் ரயில்வே, டெல்லி மெட்ரோ என்று பேரெடுத்த அதே ஸ்ரீதரன்தான்.

சர்ச்சில் கூரை இல்லை. பவளப் பாறைக் கல்லில் கட்டிய சுவர்கள் மட்டும், அரித்த பல் மாதிரி நிற்கின்றன. ரயில்வே தண்ணீர்த் தொட்டி, தூண்கள். தண்டவாளம் இருந்த இடத்தில் மணல். எல்லோரும் போட்டோ எடுத்துக்கொண்டிருந்தபோது அம்பாசிடரைக் காணோம்.

தேடிப் போனால், ஓலைக் குடிசைகளுக்குப் பக்கத்தில் ஒரு பாட்டியிடம் பேசிக்கொண்டிருந்தார். வாழத் தகுதியில்லை என்று சொன்ன இடத்தில் வாழ்ந்துகொண்டிருந்த மீனவக் குடும்பங்களில் ஒருவர். கரண்ட் கிடையாது. மணலில் நாலு அடி தோண்டி, ஊறுகிற தண்ணீரைக் கொட்டாங்கச்சியில் மொண்டு குடத்தில் ஊற்றிக்கொண்டிருந்தார். இரண்டு பக்கமும் உப்புக்கடல். அந்த ஊற்றுத் தண்ணீரோ இளநீர் மாதிரி இருந்தது. நானும் ஒரு கை குடித்தேன்.

"யாருக்காச்சும் உடம்பு சரியில்லன்னா என்னம்மா பண்ணுவீங்க?" என்று அம்பாசிடர் கேட்டார்.

"வேனு வந்தா வேனு. ராத்திரின்னா போட்டு. ரெண்டும் இல்லன்னா மாதா" என்றார் பாட்டி, மொள்ளுவதை நிறுத்தாமல்.

திரும்பும் வழியில்தான் வினை. வெயில் சாயத் தொடங்கியிருந்தது. இருட்டுவதற்குள் டூரிஸ்ட்டுகள் எல்லோரும் வெளியேறியாக வேண்டும். எதிரே வந்த ஜீப்புக்கு வழி விட்டு பொடியன் ஸ்டீரிங்கை ஒடித்தான். ஊறிய மணல். பின் சக்கரம் அச்சு வரைக்கும் உட்கார்ந்துவிட்டது. ஆக்சிலேட்டரை மிதிக்க மிதிக்க வண்டி பாதாளத்தை நோக்கிப் பிரயாணம் செய்தது. தண்ணீர் வேறு மெல்ல ஏறிக்கொண்டிருந்தது. பொடியன் முகத்தில் அதுவரை இருந்த சினிமா ஹீரோ களை போயே போய்விட்டது. வண்டி அவனுடையதில்லை, முதலாளியுடையது.

"நிறுத்துங்க தம்பி, மிதிக்காதீங்க!" அம்பாசிடர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு குதித்தார். அடுத்த அரை மணி நேரம் எங்கள் பைல்நாட்டுத் தூதர் இட்டதுதான் சட்டம். எல்லோரும் இறங்கினோம். சக்கரத்துக்கு முன்னால் இருந்த மணலைக் கையாலேயே வாரினோம். அக்கவுன்டன்ட் தன் புது சூட்கேஸ் மூடியை மண்வெட்டியாகக் கொடுத்தார். குடிசைப் பக்கமிருந்து இரண்டு பேர் பனை ஓலை கொண்டுவந்து சக்கரத்தடியில் செருகினார்கள். "இருக்கற காத்துலயும் இன்னும் பாதி எறக்குங்க" என்றார். பொடியன் இறக்கினான். நாங்கள் பின்னால் நின்று தள்ள, வண்டி ஒரு கனைப்புக் கனைத்து எழுந்தது. தள்ளின பத்துப் பேர் முகத்திலும் சேறு. சந்தோஷம் தாங்கவில்லை எங்களுக்கு!

அன்றிரவு லாட்ஜ் மொட்டை மாடியில் நான் ரொம்ப உற்சாகமாக இருந்தேன். "என்ன தம்பி, அந்த அஞ்சு கிலோமீட்டருக்கு எவ்வளவு வேணா குடுக்கலாம் போலிருக்கே! ரோடு போட்டுக் கெடுத்துடாம இருக்கணும்" என்றேன்.

அம்பாசிடர் கொஞ்ச நேரம் பேசவில்லை.

"என் தங்கச்சி ஜீப்புலதான் சார் பொறந்தா. எங்க ஊருக்கும் தார் ரோட்டுக்கும் நடுவுல, மூணாவது பள்ளத்துல. அம்மா இப்பவும் அவளைத் திட்டறப்போ 'பள்ளத்துல பொறந்தவளே'ன்னுதான் திட்டும்." சிரித்தார். நானும் சிரித்தேன்.

"அவளுக்கு முன்னாடி ஒரு தம்பி. அன்னிக்கு மழை. ஜீப்பு ஏறல. போர்வையைக் கம்புல தூளி கட்டி அம்மாவைத் தூக்கிட்டுப் போனாங்க. தார் ரோடு வர்றதுக்குள்ள..." கடலைப் பார்த்துக்கொண்டு நிறுத்திவிட்டார். "நீங்க சொல்றதும் சரிதான் சார். இன்னிக்கு நல்லாத்தான் இருந்திச்சு."

அதற்குப் பிறகு நான் என்ன பேசினேன் என்று ஞாபகமில்லை.

ரோடு வந்தது. முகுந்தராயர் சத்திரத்திலிருந்து அரிச்சல்முனை வரை ஒன்பதரை கிலோமீட்டர். 2017 ஜூலை 27-ம் தேதி, பேக்கரும்பில் கலாம் நினைவிடம் திறந்த அதே நாளில் பிரதமர் மோடி திறந்துவைத்தார். அந்த வேன்களுக்கு மணலில் வேலை போயிற்று. வண்டியை மணலில் விடும் ஆசை தீராதவர்களுக்குக் கேரளாவில் கண்ணூர் பக்கம் முழப்பிலங்காடு கடற்கரை இருக்கிறது. மணல் அங்கே சிமென்ட் மாதிரி, மாருதி கூட ஓடும். இன்னும் பணம் இருந்தால் ஆஸ்திரேலியாவில் கெகாரி தீவு. கடற்கரையே அங்கே சட்டப்படி நெடுஞ்சாலை, ஸ்பீடு லிமிட் போர்டு உண்டு, போலீஸும் உண்டு! தனுஷ்கோடி மணலுக்கு இப்போது வேறு விருந்தாளிகள். 2025-ல் அந்தப் பகுதியைப் பூநாரைகளுக்குச் சரணாலயமாகத் தமிழக அரசு அறிவித்திருக்கிறது. சக்கரம் ஏறாத மணலில்தான் ஆமையும் முட்டையிடும் என்பதால் எனக்கு அதில் வருத்தமில்லை. கொஞ்சம் இருக்கிறது, மறைப்பானேன்!

2025-ல் புதுப் பாம்பன் பாலம் திறந்த பிறகு அம்பாசிடரும் நானும் குடும்பத்தோடு மறுபடி போனோம். ஏ.சி. காரில், இரண்டு பக்கமும் கடல் ஓட, அரிச்சல்முனைத் தூண் வரைக்கும் வழுக்கிக்கொண்டு போயிற்று. பின் சீட்டில் என் பையன் தூங்கிவிட்டான். எழுப்பினால், "வந்தாச்சா?" என்றான். பாட்டியின் குடிசை எந்த இடத்தில் இருந்தது என்று என்னால் கண்டுபிடிக்க முடியவில்லை. ரோட்டோரம் சங்கு மாலைக் கடைகளும் மீன் வறுவல் கடைகளும். ஒரு ஆம்புலன்ஸ் எங்களைத் தாண்டிப் போனது. அம்பாசிடர் அது மறைகிற வரை திரும்பிப் பார்த்துக்கொண்டே வந்தார்.

திரும்பும்போது ஒரு கூட்டம். செல்ஃபி எடுக்க ரோட்டை விட்டு மணலில் இறக்கிய பெரிய கார் ஒன்று, அச்சு வரை உட்கார்ந்திருந்தது. கூலிங் கிளாஸ் போட்ட இளைஞர் ஆக்சிலேட்டரை மிதி மிதியென்று மிதித்துக்கொண்டிருந்தார்.

அம்பாசிடர் எங்கள் காரை நிறுத்தச் சொல்லி இறங்கினார். பேன்ட்டை முழங்காலுக்குச் சுருட்டினார். நேரே போய், அந்தக் காரின் பின் சக்கரத்துக்குப் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து, வால்வு மூடியைத் திருக ஆரம்பித்தார்.

"யோவ்! யாருய்யா நீ? காத்தை ஏன்யா புடுங்கறே!" என்று அலறினார் கூலிங் கிளாஸ்.