ஆடினாலும் விழாத சுவர்

ஷில்லாங்கில் நான் குடியிருந்த வாடகை வீட்டில் காலண்டர் மாட்ட ஆணி அடிப்பதே ஒரு கலை. மரச் சட்டம் ஓடும் இடம் பார்த்து அடிக்க வேண்டும். தவறினால் ஆணி உள்ளே போய்விடும். இடுப்பளவுதான் செங்கல். அதற்கு மேல் மரச் சட்டங்கள், நடுவே இக்ரா என்ற நாணல் தட்டி, இருபுறமும் பூச்சு. தலைக்கு மேல் தகரம். 'அசாம் மாதிரி வீடு' என்பார்கள்.

இதைக் கற்றுக்கொடுத்தது பூகம்பம். 1897 ஜூன் 12 அன்று ஷில்லாங்கின் கல் கட்டடங்கள் தரைமட்டமாயின. அதன் பிறகே இம்முறை வேகமாகப் பரவியது. சூட்சுமம் எளிது. கனத்த சுவர் வளையத் தெரியாமல் உடைகிறது. மரச் சட்டம் கனம் குறைந்தது; ஒன்றோடொன்று இறுகப் பிணைந்திருப்பதால் கூடை போல நெளிந்து நிமிர்கிறது.

1988 ஆகஸ்ட் 6 விடியற்காலையில் பூமி ஆடியபோது எங்கள் வீடு பழைய கட்டிலைப் போல முனகியது. கொஞ்சம் காரை உதிர்ந்தது. அவ்வளவுதான்.

இன்று அந்த மலைச் சரிவுகளில் கான்கிரீட் மாடிகள் நெருக்கியடிக்கின்றன. மரம் கிடைப்பது அரிது, இடம் அதைவிட அரிது; மக்களைக் குறை சொல்ல முடியாது. கான்கிரீட்டும் பாதுகாப்பானதுதான், கம்பியும் கணக்கும் சரியாக இருந்தால். ஆனால் மேற்பார்வை இல்லாமல் அவசரத்தில் எழுப்பிய தூண்களை 'பக்கா' என்றும், நூறாண்டு தாங்கிய மரச் சுவரை 'கச்சா' என்றும் அழைப்பதுதான் உறுத்துகிறது. அடுத்த பூகம்பம் பெயரைப் பார்க்காது; எடையையும் பிணைப்பையும்தான் பார்க்கும்.