கைக்கு எட்டும் கத்தி



படகில் கொண்டுபோகும் கத்தியைக் குறித்து இவ்வாரம் எழுதுகிறேன். ஓடுகிற வலைக்கயிறு காலைச் சுற்றினால் ஆளையே நீருக்குள் இழுத்துவிடும் என்று நம் சபையில் கடலுக்குச் செல்வோருக்கு நான் சொல்லவேண்டியதில்லை. அந்நேரத்தில் பெட்டியின் அடியில் கிடக்கும் கத்தியால் பயனில்லை. அது உறையோடு இடுப்பில் இருக்கட்டும்; ஒரே கையால் உருவக்கூடியதாயிருக்கட்டும். மடக்குக் கத்தியை நனைந்து விறைத்த விரல்களால் விரிப்பது கடினம்.

ஈரமான நைலான் கயிற்றில் வழுவழுப்பான விளிம்பு வழுக்கும். ரம்பப் பல்லுள்ள விளிம்பே பற்றி அறுக்கும். முனை மழுங்கியிருப்பது நல்லது. ஆடும் படகில் கூர்முனை பக்கத்திலிருப்பவரைக் குத்திவிடும். துருப்பிடிக்காது என்று விற்கப்படும் எஃகும் உப்புநீருக்கு முற்றிலும் தப்பாது. கரைசேர்ந்ததும் நன்னீரில் கழுவுங்கள்.

இறுகிய முடிச்சையெல்லாம் அறுப்பதோ வீண்செலவு. கயிற்றின் விலையை நீங்கள் அறிவீர்கள். நுனி கூம்பிய இரும்பு முளையொன்றை முடிச்சினுள் நுழைத்து நெம்பினால் அது நெகிழ்ந்துகொடுக்கும்.

அப்போஸ்தலர் 27-ஆம் அதிகாரத்தை வாசித்துப் பாருங்கள். 276 பேர் இருந்த கப்பலைக் கைவிட்டுத் தப்பியோட மாலுமிகள் சிறுபடகை இறக்கினார்கள். பவுல் எச்சரித்தார், போர்ச்சேவகர் அதன் கயிறுகளை அறுத்துவிட்டார்கள். கத்தியைத் தேடினார்கள் என்று லூக்கா எழுதவில்லை.